நெஞ்சில் குத்திய பெயர்

அனுபவம் எத்தனை வருடம் என்று கேட்டான்,
உப்புவெளி ஹோட்டலின் முகாமையாளர் பெடியன்.
திவாகர். அட்டனில் இருந்து வந்தவன்.
முப்பத்துநாலு, என்றேன்.
இந்தத் துறையில், மேடம்.
இந்தத் துறையில் இல்லை.
பூச்சியம் என்று எழுதினான்.
அந்த வட்டத்தை
எத்தனை கொப்பிகளில் சிவப்பால் போட்டிருப்பேன்.
எனக்கு இப்போதுதான் ஒன்று விழுகிறது.

முப்பத்துநாலு வருடமும் புவியியல்.
வாடை எப்போது, கச்சான் எப்போது,
தெற்கில் மழை கொட்டுகையில்
திருகோணமலை ஏன் காய்கிறது:
வினாத்தாளில் அது நாலு புள்ளி.
இங்கே அதற்குப் பெயர் சீசன்.
ஏப்ரல் தொடங்கி செப்ரெம்பர் மட்டும் வேலை,
பிறகு கடல் கறுக்கும், பாதி அறைகளைப் பூட்டிவிடுவார்கள்.
நான் கரும்பலகையில் அழித்துக்கொண்டிருந்ததை
யாரோ சம்பளமாக்கி வைத்திருக்கிறார்கள்.

ஓய்வூதியம் வருகிறது, இல்லையென்று சொல்லமாட்டேன்.
வந்த கையோடு கூரைக்கடனுக்குப் போகிறது,
மிச்சம் கரண்டுக்கும் மருந்துக்கும்.
ஆனாலும் காசு மட்டும் காரணமில்லை.
காலை ஏழு மணியானால்
கால்கள் தாமாகச் செருப்பைத் தேடுகின்றன.
போட்டுக்கொண்டு
படலை வரை போய்த் திரும்புகிறேன்.

மச்சாள் அன்னபூரணம் சொன்னாள்:
"ரீச்சர் எண்டு எழும்பி நிண்ட சனம்
துவாய் மடிக்கப் போறாள் எண்டு கதைக்கும்."
துவாய் இல்லை, வரவேற்பு மேசை, என்றேன் அவசரமாக.
துவாய் மடித்தால் என்ன என்று
கேட்காமல் விட்டதுதான்
இரவு முழுக்க உறுத்தியது.

ஒரு நாள் நின்று பாருங்கள் மேடம், என்றான்.
நிற்பது எனக்குப் புதிதல்ல.
கெண்டைக்காலில் நீல நரம்புகள்
ஆறும் கிளையாறுமாக ஓடுகிற படம்
அப்படி வரைந்ததுதான்.
மேசையில் ஒரு சின்ன மணி.
யாரோ தட்ட,
அடுத்த பாடத்துக்குப் புத்தகம் எடுக்கக் குனிந்துவிட்டேன்.

சிரிக்க வேண்டுமாம்.
முதலாந் தவணை முடியும்வரை சிரிக்காதே என்று
முதல் அதிபர் சொன்ன புத்திமதியை
ஓய்வுபெறும்வரை நீட்டிவிட்டவள் நான்.
கழிப்பறைக் கண்ணாடியில் பழகிப் பார்த்தேன்.
பல்லுக்கொதிக்காரி மாதிரி இருந்தது.

பெயரட்டையில் யோகாம்பிகை அடங்கவில்லை.
ரீச்சர் என்ற சொல்லுக்குப் பின்னால்
இத்தனை காலமும் ஒளிந்திருந்த பெயர்,
நானே மறந்துபோய்
கையெழுத்தில் மட்டும் சந்திக்கிற பெயர்.
"வெளிநாட்டு ஆக்களுக்கு வாயில நுழையாது மேடம்"
என்று கத்தரித்து,
ஆங்கிலத்தில் நாலே எழுத்தாக அச்சடித்து வந்தான்.
யோகா.

பதினொரு மணி இருக்கும்.
தோள் வெயிலில் சிவந்த ஒரு பெண்
புறாமலைக்குப் படகு விசாரிக்க வந்தாள்,
என் நெஞ்சை வாசித்தாள்,
முகம் மலர்ந்து கேட்டாள்:
வகுப்பு எத்தனை மணிக்கு?

முதுகு தானாக நிமிர்ந்தது.
ஏழு முப்பது என்று சொல்ல வாய் வந்துவிட்டது.
இல்லை, அது என் பெயர், என்றேன்,
முழுதாகச் சொன்னேன்.
அவள் முயன்றாள். பிழை.
திரும்ப. பிழை.
மூன்றாம் முறை சாதாரண சித்தி போடலாம்.
அப்போது நான் சிரித்திருக்கிறேன் போல.
திவாகர் தூரத்திலிருந்து பெருவிரலைக் காட்டினான்.

பின்னேரம் பஸ் நிலையத்தில்
வழக்கம்போல மான்கள்,
வாழைப்பழத் தோலுக்குப் பிச்சைக்காரரோடு போட்டி போட்டபடி.
காட்டை விட்டு வந்து
ஊருக்குள் உத்தியோகம் பார்க்கும் இவற்றிடம்
யாரும் அனுபவம் கேட்டதில்லை.

வீட்டில்தான் கண்டேன், அட்டையைக் கழற்றாமல் வந்திருக்கிறேன்.
சேலையில் ஊசி போட்ட துளை இரண்டு.

வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும்.
வருவதானால்
அட்டையில் என் பெயர் முழுதாக இருக்கவேண்டும் என்று
ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன்.
தொடக்கத்தில் ஐயா போடுவதா
தம்பி போடுவதா என்பதில்
ஒரு மணித்தியாலமாக நிற்கிறது பேனை.